ரெண்டு பக்கத்துக்கும் ஒரே ரேக்

3 நவ., திங்கள்

மூட்டம். மழை இல்லை. இடைசெவல் விலக்கு ஸ்டாப்பில் பஸ் இருபது நிமிஷம் தாமதம். இறங்கி நடந்ததில் செருப்பில் அரைக்கிலோ கரிசல்.

ஆபீஸில் நடுச்சுவர் பூசி முடிந்தது. கரிசல் தரையில் கட்டிய சுவர், ஒரு கோடை தாண்டட்டும், பார்க்கலாம் என்றார் கொத்தனார். யாரும் சிரிக்கவில்லை.

இனி கிழக்குப் பக்கம் பெரிய அண்ணாச்சி, மேற்குப் பக்கம் சின்ன அண்ணாச்சி. கூடப்பிறந்தவர்கள். முப்பது வருஷம் ஒரே மேஜையில் உட்கார்ந்து தீப்பெட்டி விற்றவர்கள், மூன்று மாதமாகப் பேச்சு இல்லை. சுவர் சாமி ரூம் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. சாமியைப் பங்கு போடக் கூடாதாம். அதனால் சாமி ரூமுக்கு ரெண்டு பக்கமும் கதவு. காலை விளக்கு பெரியவர், சாயங்கால விளக்கு சின்னவர். ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் முழிக்க வேண்டியதில்லை.

பங்குப் பேப்பர் டைப் அடித்ததே நான்தான்.
பெ.அ.: பில், ஏஜெண்டுகள், கோடவுன்.
சி.அ.: ஃபேக்டரி, தீக்குச்சி மருந்து ரூம், லோடு.
பொது: சாமி ரூம், போர் தண்ணீர், கம்ப்யூட்டர் ரேக், மாரிச்செல்வி.

என் பெயரை நானே அடித்தேன், தண்ணீருக்கும் ரேக்குக்கும் அடுத்து. பன்னிரண்டரை வரை கிழக்கு, அப்புறம் மேற்கு. மாதக் கடைசியில் யார் பக்கம் என்று சொல்வார்களாம்.

பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ், ஆறு அரியரோடு. அதோடு என்னை வேலைக்கு எடுத்தது பெ.அ. “கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளை.” அன்றிலிருந்து வயர் சம்பந்தப்பட்ட எல்லாப் பாவமும் என் தலையில்.

இன்றைய வேலை ரேக், ஆபீஸின் கம்ப்யூட்டர், கேமரா வயர் எல்லாம் வந்து சேரும் அலமாரி. அதில் மூன்று ஸ்விட்ச் பெட்டி, ஒவ்வொன்றிலும் வயர் மாட்ட இருபத்துநாலு போர்ட். இத்தனை நாள் 1-லிருந்து 2-க்கு ஒரு வயர், 2-லிருந்து 3-க்கு ஒரு வயர். அப்படிக் கோத்துவிட்டால் மூன்றும் ஒன்று மாதிரி. பங்குப்படி 1 பெரியவருக்கு, 2-ம் 3-ம் சின்னவருக்கு. ஆகவே 2–3 இருக்கட்டும், 1–2 எடு. ஒரே ஒரு வயரைப் பிடுங்கும் வேலை. பெ.அ. பக்கத்தில் நின்று பார்த்தார். பிடுங்கியதும் அவர் ரூம் டிவியில் கேமராப் படம் பதினாறு கட்டத்தில் மேற்குப் பக்கத்து எட்டு கறுப்பு. சி.அ. ரூமிலும் அப்படியே எட்டு கறுப்பு. கறுப்பானதை டிவியிலிருந்து நீக்கவா என்றேன். கிடக்கட்டும் என்றார். அந்தப் பக்கம் கேட்டாலும் அதே பதில்.

போகும்போது பெ.அ. சொன்னார்: “ரெண்டு பக்கத்துக்கும் இனி ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. ஒரு வயரு ஓடுதுன்னு தெரிஞ்சுதுன்னு வை, நீ எந்தப் பக்கமும் வேண்டாம் தாயி. வீட்டுக்குப் போயிரலாம்.”

தக்காளி வாங்க மறந்தேன்.

4 நவ., செவ்வாய்

தூறல். துணி காயவில்லை.

மதியம் சி.அ. கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.  அந்த வயரைத் திரும்பக் கொடுத்துவிடு என்றார். எந்த வயர் என்று தெரியாத மாதிரி கேட்டேன். சிரித்தார். அண்ணாச்சிக்குத் தெரிய வேண்டாம், வியாபாரத்துக்கு இல்லை, வேறு ஒன்றுக்கும் இல்லை என்றார். வேறு ஒன்றுக்கும் இல்லை என்றால் எதற்கு? 

முடியாது என்று சொல்லியிருக்கலாம். என் பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ரெண்டு ராத்திரி கார் கொடுத்து நின்றவர் இவர். வேலை கொடுத்தவர் அவர். நான் யாருக்கு முடியாது என்பது?

ஐந்தரைக்கு எல்லோரும் டீக்குப் போனபோது மாட்டினேன். 1-ல் கடைசி போர்ட்டிலிருந்து 2-ல் கடைசி போர்ட்டுக்கு. சாம்பல் நிற வயர், நாற்பது சாம்பல் வயருக்குள். சி.அ. டிவியில் கறுப்புக் கட்டம் எட்டும் கண் திறந்துவிட்டது. கிழக்கு டிவியிலும் திறந்திருக்குமே என்று அப்புறம்தான் உறைத்தது. ஓடிப் போய், பெ.அ. வருவதற்குள் அவர் டிவியில் மட்டும் அந்த எட்டையும் மறைத்து வைத்தேன். கறுப்பாகவே தெரியும்.

திருட்டுத்தனம். வேறு பெயர் இல்லை.

5 நவ., புதன்

வெயில். ஒன்றும் ஆகவில்லை. ரெண்டு பக்கமும் வேலை ஓடுகிறது.

ஒரு மணிக்கு லோடு சீட்டோடு சி.அ. ரூமுக்குள் போனேன். டிவியில் ஒரே கட்டத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார். பெ.அ. மேஜை. பெ.அ. தயிர்சாதம் சாப்பிடுகிறார். இவர் கன்னத்தில் கை வைத்துப் பார்க்கிறார். என்னைக் கண்டதும் கட்டத்தைச் சின்னதாக்கினார்.

மேஜைமேல் ஏஜெண்ட் பில் கிடக்கும். விலைப் பட்டியல் கிடக்கும். அதைத்தான் பார்க்கிறாரா? அப்படியானால் நான் செய்தது என்ன?

6 நவ., வியாழன்

காலை 9.20. எல்லாம் நின்றது. கிழக்கு, மேற்கு, ரெண்டும். பில் வரவில்லை, கேமரா இல்லை, நெட் இல்லை. ரேக்கைத் திறந்தால் மூன்று ஸ்விட்சிலும் அத்தனை விளக்கும் ஒரே நேரத்தில் படபடவென்று. தீபாவளி சீரியல் லைட் தோற்றது.

அணைத்துப் போட்டேன். ரெண்டு நிமிஷம் ஓடியது, திரும்ப நின்றது. மறுபடி அணைத்தேன். அதே கதை. லாரி வாசலில். பில்லைக் கையால் எழுதினோம்.

பெ.அ. கத்தவில்லை. “நேத்து வரை நல்லாத்தான இருந்துச்சு. நீ எதையும் தொட்டியா?” இல்லை என்றேன்.

சாயங்காலம் 5.45-க்குத் தானாகச் சரியாகிவிட்டது. நான் அப்போது முகம் கழுவிக்கொண்டிருந்தேன். சத்தியமாக எதையும் தொடவில்லை.

ஆளுக்கொரு காரணம். வாட்ச்மேன்: கரண்ட் ஏற்ற இறக்கம். பில் செக்‌ஷன்: வைரஸ். சமையல் அக்கா: கண் பட்டிருக்கிறது, சுவர் கட்டின நேரம் சரியில்லை.

7 நவ., வெள்ளி

இன்றும் 9.20. கடிகாரம் பார்த்து வைத்த மாதிரி.

மதுரையில் ரேக் விற்ற கடைக்காரருக்கு போன், மாடிப்படியில் நின்று. விளக்கு எல்லாம் ஒன்றாகத் துடிக்கிறதா என்று கேட்டார். ஆமாம். அப்படியென்றால் ரெண்டு ஸ்விட்சுக்கு நடுவில் ரெண்டு வயர் இருக்கிறது என்றார். ஒரு வயர் என்றால் செய்தி போய்ச் சேரும். ரெண்டு இருந்தால் ஒன்றில் போய் இன்னொன்றில் திரும்பி வந்து, மறுபடி போய், நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் வேறு எவன் பேசுவதும் எவனுக்கும் கேட்காது. “உங்க ஸ்விட்சு பழைய மாடல்மா, அதுக்குத் தானா நிறுத்தத் தெரியாது. எண்ணிப் பாருங்க. ரெண்டு இருக்கும்.”

எண்ணினேன். மூன்று தடவை. 1-க்கும் 2-க்கும் நடுவில் ஒன்று. நான் மாட்டியது. 2-க்கும் 3-க்கும் ஒன்று. அவ்வளவுதான்.

மூன்று மணிக்கு என்னுடையதைப் பிடுங்கினேன். உடனே எல்லாம் ஓடியது. அப்போ குற்றவாளி நான்தான். ஆனால் புதன்கிழமை முழுக்க அதே வயரோடு ஓடியதே?

ஒரு மணிக்கே சி.அ.விடமிருந்து போன் வந்திருந்தது: படம் வரவில்லை. குரல் ஒரு மாதிரி இருந்தது. ஆறு மணிக்குத் திரும்ப மாட்டிப் பார்த்தேன். நன்றாக ஓடுகிறது. ஒரு துடிப்பு இல்லை. கிறுக்குப் பிடிக்கும் போல.

8 நவ., சனி

விடியற்காலையிலிருந்து மழை. வீட்டுக்குத் தூரம். இடுப்பு வலி.

9.20. நின்றது.

பகலில் ரெண்டு வயர், ராத்திரியில் ஒரு வயரா? பேய்க்குக்கூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது.

பெ.அ. இன்று தீர்மானமாகச் சொல்லிவிட்டார். செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு மதுரைக்காரர் நேரில் வருகிறார். ரேக்கைத் திறந்து ஒவ்வொரு வயராகப் பார்ப்பார், பெ.அ. கூடவே நிற்பார். அவர் பார்த்ததும் என் சாம்பல் வயரைத்தான் முதலில் தூக்குவார். “இதை யாரும்மா மாட்டினது” என்பார். என் பன்னிரண்டு வருஷ வேலை அங்கே முடிந்தது.

மதியம் சி.அ. ரூமில் சொல்லிவிட்டேன். வயரை எடுத்துவிடுகிறேன், என்னால் முடியாது அண்ணாச்சி. அழுகை வந்தது. அழக்கூடாது என்று நினைத்துத்தான் போனேன்.

அவர் நின்றுபோன டிவியைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

“நாலு வருஷமா அண்ணாச்சிக்கு மத்தியான மாத்திரைய நாந்தான் எடுத்துக் குடுப்பேன். நெஞ்சில அந்தக் கம்பி வச்ச பெறகு. அவியளா எடுத்துச் சாப்பிட மாட்டாவ, மறந்துட்டேம்பாவ. இப்ப யார் குடுக்கா? அத ஒண்ணத்தான் பாக்குதேன் செல்வி. வேற ஒண்ணையும் பாக்கல.”

புதன்கிழமை சாப்பிட்டாரா என்று கேட்டேன். சாப்பிட்டாராம். வியாழனும் வெள்ளியும் தெரியவில்லையாம். இன்றைக்கும் தெரியாது, படம் நின்றுவிட்டதே.

நான் விலைப் பட்டியல் என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது.

வயரை எடுக்கவில்லை. எடுக்காமல் என்ன செய்யப் போகிறேன் என்றும் தெரியவில்லை.

9 நவ., ஞாயிறு

மழை விட்டது. துணி. இட்லி மாவு. வீட்டுக்காரருக்கு மில்லில் ரெண்டாம் ஷிப்ட்.

படம் போட்டுப் பார்த்தேன். 1, 2, 3, மூன்று பெட்டி, நடுவில் கோடு. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, கல்லா மண்ணா விளையாடவா கோடு கிழிக்கிறாய் என்றார். பெ.அ.விடமே உண்மையைச் சொல்லிவிடு என்றார். சொன்னால் சின்னவர் மாட்டிக்கொள்வார். அண்ணன் தம்பிக்குள் இன்னொரு சண்டை, அது என்னால். சொல்லாவிட்டால் நான். ரெண்டு பக்கமும் எனக்கு வேண்டியவர்கள் என்பது இவ்வளவு கஷ்டமா?

அவர் ஷிப்டுக்குப் போய்விட்டார். சாம்பார் அடிப்பிடித்தது.

10 நவ., திங்கள்

ஒன்பது மணிக்கே ரேக் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். கண் இமைக்காமல். பெ.அ. சாமி ரூமில் மணி அடித்தார். சூடத்தின் வாசம். 9.20-க்கு, மற்றதெல்லாம் துடிப்பதற்கு ஒரு நொடி முன்னால், 2-ல் பதினொன்றாம் போர்ட்டில் பச்சை விளக்கு எரிந்தது. எரியாத போர்ட் அது.

என் பழைய நோட்டைப் புரட்டினேன். 2/11: சாமி ரூம் கேமரா.

ஞாபகம் வந்தது. தீப்பெட்டிக் கம்பெனியில் விளக்கு எரியும் ரூம் என்று அங்கே ஒரு கேமரா வைத்திருந்தோம். பங்கின்போது யார் பக்கம் என்று முடிவாகாமல் கழற்றிவிட்டார்கள். சுவரில் அந்த சாக்கெட் மட்டும் இருக்கிறது, சாமி படத்துக்குப் பின்னால். அதிலிருந்து வயர் சின்னவர் ஸ்விட்சுக்கு வருகிறது. கேமராதான் இல்லையே, நான் பிடுங்கவில்லை.

இப்போது அதில் எதுவோ மாட்டியிருக்கிறது. காலையில் வருகிறது, சாயங்காலம் போகிறது.

போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். பத்தடி. ஆனால் எனக்கு இன்று மூன்றாம் நாள். வாசல் வரை போனேன், நின்றேன். கம்ப்யூட்டர் படித்தவள் இப்படி நிற்கலாமா என்று எனக்கே சிரிப்பு. நாளைக்கு மதுரைக்காரர் வருகிறார், என் சோறு போகப் போகிறது, அப்போதும் கால் படி தாண்டவில்லை. இன்னொருவரைப் பார்க்கச் சொல்லவும் முடியாது. என்னவென்று சொல்வது?

நாளைக்குத் தலைக்கு ஊற்றிவிட்டுப் போகலாம். பெ.அ. ஒன்பதரைக்குள் விளக்கு வைத்து வெளியே வருவார். பதினொன்றுக்கு மதுரைக்காரர். நடுவில் ஒன்றரை மணி நேரம்.

11 நவ., செவ்வாய்

ஐந்து மணிக்குத் தலைக்கு ஊற்றினேன். ஈரத்தலையோடு பஸ். பூ வாங்கிக்கொண்டேன், சாமிக்குப் பூ என்றால் யாரும் கேட்க மாட்டார்கள்.

9.20-க்கு நின்றது. 9.40-க்கு உள்ளே போனேன். விளக்கு எரிகிறது. பூவை வைத்துவிட்டுப் படத்தைக் கொஞ்சம் விலக்கினேன். நீல வயர், புத்தம் புதுசு. கிழக்குச் சுவரில் விரல் அளவு ஓட்டை போட்டு, பெ.அ. ரூம் பக்கமிருந்து வந்து, அந்தப் பழைய சாக்கெட்டில். ஓட்டைக்கு மேல் சந்தனம் அப்பியிருந்தது.

வேறு யார் தொடுவார்கள் இந்தப் படத்தை? காலையில் ஒருத்தர்தான்.

எலக்ட்ரீஷியன் சண்முகத்துக்கு போன். ரெண்டு பக்கத்துக்கும் அவர்தான் ஆள். முதலில் தெரியாது என்றார். நீல வயர் என்றதும் குரல் இறங்கிவிட்டது.

“பெரிய அண்ணாச்சிதான் போடச் சொன்னாவ. சின்ன அண்ணாச்சிக்குத் தெரியக் கூடாதாம். சாயங்காலம் அவிய விளக்கு வைக்க வாரதுக்குள்ள புடுங்கிருவாவ. எனக்கு அந்த மருந்து ரூம் வாசல் கேமரா ஒண்ணு தெரிஞ்சாப் போதும்னு சொன்னாவ. அம்பது வயசாகியும் மருந்து கலக்கும்போது உள்ள போய் நிக்கான் முட்டாப் பய, நான் அதட்டுனாத்தான் வெளிய வருவான்னு. ஆனா படம் வரவே இல்லியாம். தெனம் மாட்டிப் பாக்காவ.”

எப்படி வரும்? 1-க்கும் 2-க்கும் நடுவில் முதல் வயர் என்னுடையது, இரண்டாவது அவர் ரூமிலிருந்து சாமி ரூம் வழியாக அவருடையது. இவருக்குத் தெரியாமல் அவர், அவருக்குத் தெரியாமல் இவர். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்க ஆசைப்பட்டதில் ரெண்டு பேருக்கும் ஒன்றும் தெரியவில்லை. நடுவில் நான் ஐந்து நாள் சோறு இறங்காமல்.

கோபம்தான் முதலில் வந்தது. எந்தப் பக்கமும் வேண்டாம், வீட்டுக்குப் போ என்று சொன்ன மனுஷர்!

அப்புறம் யோசித்தேன். ரெண்டு வயர் வேண்டாம், ஒன்று போதும். எது இருந்தாலும் ரெண்டு பக்கமும் தெரியும். சின்னவருக்கு வேண்டியது ஒரு மணி. நீல வயர் சாயங்காலம் வரை இருக்கிறது.

சாமி படத்தை நேராக்கினேன். ரேக்குக்குப் போய் என் சாம்பல் வயரைப் பிடுங்கிப் பைக்குள் போட்டேன். துடிப்பு நின்றது. பெ.அ. டிவியில் நான் மறைத்து வைத்திருந்த எட்டுக் கட்டத்தையும், அவர் கோடவுனுக்குப் போன நேரம் பார்த்து, திறந்துவிட்டேன்.

மதுரைக்காரர் பதினொன்றேகாலுக்கு வந்தார். பெ.அ. பக்கத்தில் கை கட்டி நின்றார். வந்தவர் ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்தார். கடைசியில், அண்ணாச்சி, இந்த ரேக்கில் 1-க்கும் 2-க்கும் நடுவில் ஒரு வயரும் இல்லை, சுத்தமாகப் பிரித்திருக்கிறார்கள், இப்போது நன்றாகத்தானே ஓடுகிறது என்றார். கொஞ்சம் ஏமாற்றம் அவருக்கு. சாமி ரூம் பக்கம் யாரும் போகவில்லை. பெ.அ. என்னைப் பார்க்கவே இல்லை. அவர் ரூம் டிவி அணைத்துக் கிடந்தது. ஆபீஸ் நேரத்தில் அதை அணைத்து நான் பார்த்ததில்லை. படம் வந்துவிட்டதை அவரும் மறைக்கிறார்.

ஒரு மணிக்கு சின்னவர் பக்கம். படம் வருகிறது. பெரியவர் மாத்திரை எடுக்கவில்லை. எடுக்கவே இல்லை. கை கழுவிவிட்டுப் பேப்பர் படித்தார். சின்னவர் நாற்காலியில் முன்னால் சாய்ந்து, எடுங்க, எடுங்க என்று டிவியிடம் சொன்னார். ஒன்றேமுக்காலுக்குப் பெரியவருக்கே ஞாபகம் வந்து போட்டார்.

சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பெ.அ. கூப்பிட்டார். தூரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: “மேக்க, சின்னவன் மத்தியானம் ஒரு மணிக்கு சாப்பிடாம டிவியில என்னத்த அப்படிப் பாக்கான்?”

கேட்ட பிறகுதான், தனக்கு இது தெரிந்திருக்கக் கூடாது என்று அவருக்கு உறைத்தது. சின்னவர் நாற்காலிக்குப் பின்னால் ஒரு கேமரா உண்டு. அதில் அவர் முதுகும் தெரியும், முன்னால் இருக்கும் டிவியும் தெரியும்.

எனக்குத் தெரியாது அண்ணாச்சி என்றேன். சரி போ, பஸ் போயிரும் என்றார்.

12 நவ., புதன்

நல்ல வெயில். ரோடு காய்ந்து பொருக்கு விட்டிருக்கிறது.

9.20 தாண்டியது. எதுவும் நிற்கவில்லை. பத்து மணிக்கு மருந்து ரூமிலிருந்து சின்னவருக்கு போன் வந்ததாம், பெரியவர் பக்கத்து வாட்ச்மேன் வந்து, மருந்து கலக்கும்போது சின்ன அண்ணாச்சி வெளியே நின்றால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார் என்று. யார் சொல்லச் சொன்னது என்று சின்னவருக்குப் புரியவில்லை. என்னைக் கேட்டார். நான் சீட்டுகளை அடுக்கினேன்.

ஒரு மணி. லோடு ரெஜிஸ்டர் கையெழுத்துக்கு அவர் ரூமில் நின்றேன். டிவியில் பெரியவர் சாப்பிட்டு முடித்தார். டிபன் பாக்ஸை மூடினார். அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கினார். வாயில் போடவில்லை. தலையை நிமிர்த்தி, நேராகக் கேமராவைப் பார்த்தார். உள்ளங்கையை விரித்து மாத்திரையைக் காட்டினார். நன்றாகத் தெரியட்டும் என்று கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு போட்டுக்கொண்டு, தண்ணீர் குடித்து, காலி டம்ளரையும் காட்டினார்.

சின்னவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“நான் பாக்குதேன்னு அவியளுக்கு எப்படித் தெரியும்?”

 அவர் டிவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மெல்லத் திரும்பி, தன் முதுகுக்குப் பின்னால் மூலையில் இருந்த கேமராவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ரெஜிஸ்டரை எடுத்துக்கொண்டு நான் வெளியே வந்துவிட்டேன். கையெழுத்து வாங்கவில்லை.